ஒரு நோயாளிக்கு ஒரு மருந்து: வழியில் நிற்பது எது?

1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தப் பரிமாற்றத்தால் உருவாகும் கோளாறான புரதத்தைக் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது 2001 மே மாதத்தில். கண்ணில் பட்டதிலிருந்து கைக்கு வரும்வரை 41 ஆண்டு.

அதே பிலடெல்பியாவில், 2025 பிப்ரவரியில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதம் கடந்த ஓர் ஆண் குழந்தைக்கு ஒரு மருந்து ஏற்றப்பட்டது. அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காகவே செய்யப்பட்ட மருந்து. பிறந்த சில நாளில் நோய் தெரிந்தது. மருந்து தயாராக எடுத்த காலம் ஏறத்தாழ ஆறு மாதம்.

41 ஆண்டையும் ஆறு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இனி ஆளுக்கு ஆள் மருந்து வந்துவிடும் என்று தோன்றும். அறிவியல் பெரிய தூரத்தைக் கடந்துவிட்டது உண்மைதான். கடக்காமல் நிற்பவை வேறு: பரிசோதனைக்கூடம், தொழிற்சாலை, அனுமதி விதிகள், காப்பீடு. ஒரே மாத்திரையை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கட்டி எழுப்பப்பட்டவை இவை. ஒரே ஆளுக்கான மருந்து வந்து வாசலில் நின்றால், அதை எந்தக் கதவு வழியாக உள்ளே விடுவது என்று இவற்றுக்குத் தெரிவதில்லை.

கல்லீரலில் ஓர் எழுத்து

உணவில் உள்ள புரதம் உடையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். அந்த மாற்றத்தின் முதல் படியைச் செய்யும் நொதியின் பெயர் சிபிஎஸ்-1. அது இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குப் பாலில் உள்ள புரதமே ஆபத்து. அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். ஏறத்தாழ 13 லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் நோய் இது. பிலடெல்பியாக் குழந்தைக்கு இருந்ததும் இதுதான். கடுமையான வகையில் பாதிக் குழந்தைகள் பச்சிளம் பருவத்திலேயே இறந்துவிடுகின்றன. நிலையான தீர்வு என்றால் கல்லீரல் மாற்று அறுவைதான். அதைத் தாங்கும் அளவுக்குக் குழந்தை வளர வேண்டும். வளரும்வரை ஒவ்வொரு சளியும் காய்ச்சலும் அம்மோனியாவை ஏற்றிவிடும் அபாயம் உண்டு.

கிரண் முசுனூருவும் ரெபெக்கா அரென்ஸ்-நிக்லஸும் வழிநடத்திய குழு கையில் எடுத்தது ‘பேஸ் எடிட்டிங்’. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வெட்டாமல், ஓர் எழுத்தை மட்டும் இன்னோர் எழுத்தாக்கும் முறை. மருந்தில் இருந்தவை இரண்டு. திருத்தும் புரதத்தைச் செல்லுக்குள்ளேயே தயாரிக்கச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. ஒன்று, எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. இன்னொன்று. இரண்டையும் கொழுப்பு நானோ துகளில் அடைத்து ரத்தநாளத்தில் ஏற்றினார்கள். கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் பயன்பட்ட துகள் வகைதான் இதுவும். ரத்தத்தில் போகும் இந்தத் துகள்களைக் கல்லீரல் தானாகவே இழுத்துக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்குள் முடித்த வேலைகளின் வரிசையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். குழந்தையின் பிழையைச் சுமக்கும் செல்களை ஆய்வகத்தில் உண்டாக்கி, எந்தத் திருத்தி அதைச் சரியாகத் திருத்துகிறது என்று தேர்ந்தெடுத்தார்கள். அதே பிழை கொண்ட எலிகளை உருவாக்கிச் சோதித்தார்கள். பாதுகாப்பு பார்க்கக் குரங்குகளிடம் சோதனை. தவறான இடத்தில் திருத்தம் விழுகிறதா என்று தேடும் வேலை தனி. இவை ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று நடக்கவில்லை. பல நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒரே சமயத்தில் நடந்தன. விண்ணப்பம் போன ஒரு வாரத்துக்குள் எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. முதலில் மிகக் குறைந்த அளவு. பிறகு மார்ச்சிலும் ஏப்ரலிலும் இன்னும் இரண்டு முறை. வைரஸில் ஏற்றிச் செலுத்தும் மரபணு சிகிச்சையில் இப்படித் திரும்பக் கொடுப்பது கடினம், ஏனென்றால் உடல் அந்த வைரஸை எதிர்க்கப் பழகிவிடும். நானோ துகளில் அந்தச் சிக்கல் குறைவு.

குழந்தையால் முன்பைவிடக் கூடுதல் புரதத்தை ஏற்க முடிந்தது, அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது என்று அந்தக் குழு 2025 மே மாதம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. குணமாகிவிட்டது என்று அவர்களே சொல்லவில்லை. எத்தனை கல்லீரல் செல்கள் திருந்தின என்பதும் தெரியாது. அதற்குக் கல்லீரலில் ஊசி விட்டுத் திசு எடுக்க வேண்டும், அந்த வயதில் அது வீண் ஆபத்து.

நான் இந்தக் கதையில் கவனிக்கச் சொல்வது வேகத்தை அல்ல. ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறை அதே, தாள் அதே, தபால் வண்டியும் அதே. மாறுவது விலாசம் மட்டும். இந்த மருந்தில் நானோ துகள் பொது. திருத்தும் புரதம், ஒரே வகையான எழுத்துப் பிழைகளுக்கெல்லாம் பொது. வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் சிறு பகுதிதான் அந்தக் குழந்தைக்கே உரியது. ஒரு மருந்தில் பொதுப்பகுதி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குத் தனிப்பகுதியை விரைவாக மாற்ற முடியும். தனிநபர் மருத்துவம் என்ற பெயரைக் கேட்டால் எல்லாமே ஆளுக்கேற்பத் தைக்கப்படும் என்று தோன்றினாலும், நடைமுறையில் அது நிற்பது பொதுமைப்படுத்தலின் மேல்தான்.

இதற்கு முன்னோடி மிலாசென். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டிமோத்தி யூ தலைமையிலான குழு, மூளை நரம்புகளைப் படிப்படியாக அழிக்கும் பேட்டன் என்ற பரம்பரை நோய் வந்த ஒரு சிறுமிக்காக 2017இல் வடிவமைத்து, 2018 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய மருந்து அது. வெறும் 22 எழுத்து நீளமுள்ள, ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு துணுக்கு. அதன் வேதியியல் சட்டகம் புதிதல்ல. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு 2016 டிசம்பரில் அனுமதி பெற்ற நுசினர்சென் மருந்தினுடையது. அங்கே கிடைத்த பாதுகாப்பு அனுபவம் இருந்ததால்தான் ஏறத்தாழ ஒரே ஆண்டில் இங்கே வர முடிந்தது. வலிப்பின் எண்ணிக்கையும் நேரமும் குறைந்தன. ஆனால் நோய் அதற்குள் மூளையில் வெகுதூரம் போயிருந்தது. சிறுமி 2021இல் இறந்தாள். அறிகுறி தெரிந்து, மருத்துவர் மாறி மருத்துவர் பார்த்து, கடைசியில் மரபணுவைப் படித்துப் பெயர் கண்டுபிடிப்பதற்குள் இழக்கும் காலத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. புதிதாகப் பிறந்த குழந்தைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்துப் பார்க்கும் திட்டங்கள் பல நாடுகளில் சோதனை நிலையில் இருப்பதற்கு இதுவே காரணம்.

புதிய மருந்தே தேவைப்படாத இடம்

ஒருவருக்காகவே மருந்து செய்வது அரிதினும் அரிது. ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் யாருக்கு எது, எந்த அளவு என்று மரபணுவைப் பார்த்து முடிவுசெய்வதுதான் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பயன்படக்கூடியது. செய்திகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபைன், சிலருக்குத் தோல் முழுவதும் உரிந்து உயிரைப் பறிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை வரவழைக்கும். ஹெச்.எல்.ஏ.-பி*1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004இல் கண்டார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். 23 மருத்துவமனைகளில், இந்த மருந்து தேவைப்பட்ட ஏறத்தாழ 4,900 பேருக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்து, அந்த வகை இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய விகிதப்படி பத்துப் பேருக்கு அந்தத் தோல் நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. முடிவு 2011இல் வெளியானது. ஒரு மரபணு, ஒரு பரிசோதனை, உடனே மாற்று மருந்து, நாடு முழுவதுக்கும் ஒரே காப்பீடு: எல்லாம் சேர்ந்து அமைந்ததால் அங்கே ஏழே ஆண்டில் கண்டுபிடிப்பு நடைமுறையாகிவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி அமையாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தின் அளவை மரபணு பார்த்துத் தீர்மானித்தால் நல்லதா என்று இரண்டு பெரிய சோதனைகள் நடந்து, இரண்டின் முடிவும் 2013இல் வெளிவந்தன. ஐரோப்பியச் சோதனை நல்லது என்றது. அமெரிக்கச் சோதனை பயனில்லை என்றது. அமெரிக்கச் சோதனையில் கலந்துகொண்ட கறுப்பினத்தவருக்கு மரபணு பார்த்துக் கொடுத்த அளவு, பார்க்காமல் கொடுத்ததைவிட மோசமாகவே வேலை செய்தது. பயன்படுத்திய கணக்கில், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் மரபணு வேறுபாடுகள் சேர்க்கப்படவில்லை. அறிவியல் தவறவில்லை; அந்த அறிவியலுக்கு எந்த மக்களின் ரத்தம் எடுக்கப்பட்டது என்பதில்தான் கோளாறு. உலகின் பெரிய மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது இந்தத் துறையின் தீராத பாக்கி.

புற்றுநோய்க்குத் தரும் 5-எஃப்.யூ., கேப்சிடபைன் மருந்துகளிலும் இதே கதை. இவற்றை உடைத்து வெளியேற்றும் டி.பி.டி. நொதி குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். ஐரோப்பிய வம்சாவளியினரில் 8 விழுக்காடு வரையானவர்களுக்கு இந்தக் குறைபாடு ஓரளவு உண்டு. சிகிச்சைக்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. வழக்கமாகத் தேடப்படும் நான்கு மரபணு மாற்றங்களும் ஐரோப்பியர்களிடம் கண்டவை. வேறு வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்கு ‘எதுவும் இல்லை’ என்று சீட்டு வந்தால், அதை எவ்வளவு நம்புவது என்று மருத்துவர் யோசிக்கத்தான் வேண்டும்.

இருந்தாலும் மொத்தத்தில் பயன் உண்டு என்பதற்குச் சான்று வலுத்துவருகிறது. ஏழு ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்து, 2023இல் வெளியான ‘ப்ரிபேர்’ ஆய்வு, 12 மரபணுக்களை முன்கூட்டியே பார்த்து மருந்து கொடுத்ததில் பக்கவிளைவுகள் 30 விழுக்காடு குறைந்தன என்றது. அப்படியும் ஏன் இது எல்லா மருத்துவமனையிலும் வழக்கமாகவில்லை? பரிசோதனைக்குச் செலவு செய்பவர் ஒருவர், பக்கவிளைவு தவிர்க்கப்பட்டதால் பணம் மிச்சமாகிறவர் இன்னொருவர். முடிவுச் சீட்டு வர ஒரு வாரம். மருந்து இன்றைக்கே தொடங்க வேண்டும். ஒருமுறை எடுத்த முடிவு வாழ்நாள் முழுவதும் பயன்படும், ஆனால் அது ஒரு மருத்துவமனையின் கணினியில் பி.டி.எஃப். கோப்பாகக் கிடக்கும். பத்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் மருந்து எழுதும்போது அவர் திரையில் எச்சரிக்கை வராது. இதில் உயர் அறிவியல் எதுவும் இல்லை, அலுவலக வேலைதான். அந்த வேலை நடக்காததால்தான் பல இடங்களில் எல்லாம் தேங்கியிருக்கிறது.

புற்றுநோயில் எதிர்பார்ப்பும் எண்ணிக்கையும்

கட்டியின் மரபணுவைப் படித்து அதற்கேற்ற மருந்து தருவது புற்றுநோய் மருத்துவத்தில் பழகிப்போன விஷயம். ஹெர்2 புரதம் மிகையாக இருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டின் 1998இல் வந்தபோது, அந்தப் புரதத்தைக் கண்டறியும் பரிசோதனையும் கூடவே அனுமதி பெற்றது. கட்டி உடலில் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதில் என்ன மாற்றம் இருக்கிறது என்பதைப் பார்த்து மருந்து தரும் காலமும் வந்துவிட்டது. லாரோட்ரெக்டினிப் மருந்தின் முக்கியச் சான்று வெறும் 55 நோயாளிகள்: நான்கு மாதக் குழந்தை முதல் 76 வயதுக்காரர் வரை, 17 வகைப் புற்றுநோய்கள். நான்கில் மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது. 2018 நவம்பரில் அனுமதி கிடைத்தது.

இந்த வெற்றியை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கக் கூடாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ‘மேட்ச்’ சோதனையில் ஏறத்தாழ 6,000 பேரின் கட்டிகளை வாசித்தார்கள். மருந்தால் குறிவைக்கக்கூடிய மாற்றம் 38 விழுக்காட்டினரிடம் இருந்தது. நிபந்தனைகளையெல்லாம் வடிகட்டியபின் ஏதாவது ஒரு சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைத்தது 18 விழுக்காட்டினருக்கு. கட்டி சுருங்கியவர்கள் அதிலும் ஒரு பகுதியே. 2018 நிலவரப்படி, பரவிய நிலையில் உள்ள அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் மரபணுவைக் குறிவைக்கும் மருந்தால் பலனடையக்கூடியவர்கள் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதன்பிறகு மருந்துகள் கூடியிருக்கின்றன, விகிதமும் உயர்ந்திருக்கும். ஆனாலும் பரிசோதனை அறிக்கை கையில் வந்த பெரும்பாலானோருக்கு அதில் மருந்து இருக்காது. ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற வரிதான் பல பக்கங்களுக்கு நீளும். இதை முன்பே சொல்லிவிடுவது நல்ல மருத்துவரின் வேலையில் பாதி.

ஒருவரின் கட்டிக்கென்றே எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி செய்யும் முயற்சி தனி வழியில் போகிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காக மாடர்னாவும் மெர்க்கும் செய்துவரும் தடுப்பூசியில், நோயாளியின் கட்டியில் மட்டுமே காணப்படும் 34 அடையாளங்கள் வரை சேர்க்கிறார்கள். 157 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில், நோய் திரும்புவது அல்லது இறப்பது என்ற அபாயம் 44 விழுக்காடு குறைந்தது. மூன்றாம் கட்டச் சோதனை 2023இல் தொடங்கியது.

பைக்குள் ஒருவரின் செல்

தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க, நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களையே புற்றைத் தாக்கும்படி மாற்றித் தரும் கார்-டி சிகிச்சை ஏற்றது. நோயாளியின் கையிலிருந்து ரத்தம் ஒரு கருவிக்குள் போகும். வெள்ளணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி ரத்தம் உடலுக்கே திரும்பும். சில மணி நேரத்தில் ஒரு பை நிறையும். அதை உறையவைத்து, திரவ நைட்ரஜனின் குளிரில் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களைத் தூண்டிவிட்டு, வலுவிழக்கச் செய்த வைரஸ் மூலம் ஒரு புதிய மரபணுவைச் செலுத்தி, புற்று செல்லை அடையாளம் காணும் கொக்கியை முளைக்கவைப்பார்கள். பிறகு அவற்றைப் பெருக்கி, கிருமி இருக்கிறதா, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது, வைரஸ் மரபணு எத்தனை பிரதி நுழைந்திருக்கிறது என்றெல்லாம் பரிசோதித்து, மறுபடி உறையவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பையில் உள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும் எண்ணும் நோயாளியின் கைப்பட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று படுக்கை அருகே இரண்டு பேர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் பை தொங்கவிடப்படும். ஒருவரின் செல் இன்னொருவருக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

சாதாரண மருந்தில் ஒரு தொகுதி கெட்டால் அடுத்த தொகுதியை எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு தொகுதி என்பது ஒரு நோயாளி. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும் லுக்கேமியாவுக்கு 2017 ஆகஸ்டில் அனுமதி பெற்ற கிம்ரியாவின் முக்கியச் சோதனையில், மருந்து ஏற்றப்பட்ட 75 பேரில் 81 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் 92 பேர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மீதி 17 பேரில், ஏழு பேருக்கு செல் தயாரிப்பே தோற்றது. ஏழு பேர் மருந்து வருவதற்குள் இறந்துவிட்டார்கள். மூன்று பேர் வேறு உடல் சிக்கல்களால் விலகினார்கள். சேர்ந்த நாளிலிருந்து ஏற்றும் நாள்வரை சராசரியாக 45 நாள். வேகமாகப் பெருகும் லுக்கேமியாவுக்கு 45 நாள் நீண்ட காலம்.

காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி, தொழிற்சாலையை மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. பார்சிலோனாவின் ஹாஸ்பிட்டல் க்ளினிக் தானே தயாரித்த கார்-டிக்கு ஸ்பெயின் 2021இல் அனுமதி தந்தது. பெருநிறுவனத்துக்கு வெளியே, மருத்துவமனைகளுக்கென்று உள்ள விதிவிலக்கின் கீழ். இந்தியாவில் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவான நெக்ஸ்கார்-19 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. மருந்தை நோயாளியின் பக்கத்திலேயே தயாரிப்பதற்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்த முதல் நாடு பிரிட்டன். 2025 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. இதில் ஓர் எளிய கேள்வி இருக்கிறது: ஐம்பது மருத்துவமனைகளில் ஐம்பது சிறு தொழிற்கூடங்கள் ஓடினால், ஐம்பதிலும் தரம் ஒன்றாக இருக்கிறது என்று யார் பார்ப்பது? பிரிட்டனின் விடை, ஒரு மையக் கட்டுப்பாட்டு இடத்துக்கு உரிமம் கொடுத்து மற்றவற்றை அதன் பொறுப்பில் விடுவது. ஒவ்வொரு பையையும் தனித்தனியாக எடைபோடுவதைவிட, பையைச் செய்யும் முறையை அங்கீகரிப்பது.

ஒருவரை வைத்து எதை நிரூபிப்பது

அனுமதி விதிகளுக்கும் இதே திசையில்தான் வழி தெரிகிறது. ஆயிரம் பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது நிரூபணத்தின் வழக்கமான முறை. நோயாளி ஒருவர்தான் என்றால் எப்படிப் பிரிப்பது?

நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான ஐவகாஃப்டர் ஒரு பதிலைக் காட்டியது. 2012இல் ஒரே ஒரு மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு அனுமதி பெற்ற மருந்து அது. அதே மரபணுவில் நூற்றுக்கணக்கான அரிய பிழைகள் உண்டு. சிலவற்றைச் சுமப்பவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களை வைத்துத் தனித்தனிச் சோதனை நடத்த முடியாது. அந்தந்தப் பிழையை ஆய்வக செல்லில் உருவாக்கி, மருந்து வேலை செய்கிறது என்று காட்டினால் போதும் என்று எஃப்.டி.ஏ. 2017இல் ஏற்றுக்கொண்டது. 10 பிழைகளுக்கு இருந்த அனுமதி ஒரே நாளில் 33ஆனது. பரபரப்பில்லாமல் நடந்த இந்த முடிவு, துறையின் மிக முக்கியமான திருப்பங்களில் ஒன்று என்பது என் கணிப்பு.

2025 நவம்பரில் எஃப்.டி.ஏ.வின் தலைமை அதிகாரிகள் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். நோயின் மூலப் பிழை தெளிவாகத் தெரிந்து, மருந்து அந்தப் பிழையையே தொட்டு, நோயாளியின் நிலை எதிர்பார்த்த போக்கிலிருந்து மேம்பட்டால், அப்படிச் சில நோயாளிகளிடம் அடுத்தடுத்துக் கிடைத்த வெற்றியை வைத்தே அந்த முறைக்கு அனுமதி தரலாம் என்று எழுதினார்கள். மேலே சொன்ன பிலடெல்பியா குழுவும், அம்மோனியா யூரியாவாக மாறும் பாதையில் பழுது ஏற்படும் யூரியா சுழற்சி நோய்கள் பலவற்றை ஒரே சோதனையின் குடைக்குள் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது.

வேகம் பிடிக்கும் இந்த நேரத்தில் பழைய தழும்பை மறக்கக் கூடாது. 1999 செப்டம்பரில் அதே பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைச் சோதனையில், 18 வயது இளைஞர் ஒருவர் மருந்து ஏற்றிய நான்காம் நாளில் இறந்தார். அவருக்கு இருந்ததும் ஒரு யூரியா சுழற்சி நோய்தான். உணவுக் கட்டுப்பாட்டோடு ஓரளவு நன்றாக இருந்தவர். மரபணுவைச் சுமந்த வைரஸை அவர் உடல் கடுமையாக எதிர்த்தது. முந்தைய நோயாளிகளிடமும் குரங்குகளிடமும் தெரிந்த எச்சரிக்கைகள் உரிய முறையில் தெரிவிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. துறை பல ஆண்டுகள் முடங்கியது. இன்று தாமதம் என்று நாம் அலுத்துக்கொள்ளும் படிகளில் பல, அந்த மரணத்துக்குப் பிறகு வந்தவை. மிலாசென் வகை மருந்து பெற்ற வேறு சில குழந்தைகளுக்கு மூளையில் நீர் கோத்ததும் உண்டு. தனி ஆளுக்கான மருந்தில் இத்தகைய செய்தி ஓரிடத்தில் தெரிந்தவுடன் மற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு

மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டால் நோயாளிக்குக் கிடைத்துவிடும் என்பது இத்துறையில் உறுதியில்லை. ஐரோப்பாவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை 2012இல் வந்த க்ளைபெரா. 2017இல் அதன் உரிமம் காலாவதியாக விடப்பட்டபோது, சோதனைகளுக்கு வெளியே அதைப் பெற்றிருந்தவர் ஒரே ஒருவர். பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவுக்கான மரபணு சிகிச்சை சின்டெக்ளோ, ஜெர்மனியோடு விலைப் பேச்சு முறிந்ததால் 2021இல் ஐரோப்பாவை விட்டே போனது. இன்னொரு பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கு, க்ரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் செய்யப்படும் காஸ்கெவியின் அமெரிக்கப் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். ஒரே முறை கொடுத்து வாழ்நாள் பலன் தரும் மருந்துக்கு, ஆண்டுக்கு ஆண்டு கணக்கு முடிக்கும் காப்பீட்டு நிறுவனம் எப்படிப் பணம் தரும்? நோயாளி அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம். மருந்து பலித்தால் மட்டும் முழு விலை என்ற ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு இந்த நோய்க்கு மாநிலங்கள் சார்பில் பேசி முடித்திருக்கிறது. 33 மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. பிலடெல்பியா குழந்தையின் மருந்துக்கு, பங்கெடுத்த நிறுவனங்கள் பலவும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தன. ஒரு குழந்தைக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆயிரம் குழந்தைக்கு முடியாது.

லாபம் வராத இடத்தில் நிறுவனம் நிற்காது, அதைக் குறை சொல்லியும் பயனில்லை. பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு ஒன்றுக்கான ஸ்ட்ரிம்வெலிஸ் 2016இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்குக் கைமாற்றியது; சிறிய நிறுவனமும் 2022இல் கைவிட்டது. 2023இல் அதை எடுத்துக்கொண்டது, ஆரம்ப ஆய்வுக்குப் பணம் கொடுத்த இத்தாலியின் டெலித்தான் அறக்கட்டளை. லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு மருந்து உற்பத்தியாளரின் பொறுப்பை முழுதாக ஏற்றது புதிது. அதே அறக்கட்டளை உருவாக்கிய இன்னொரு மரபணு சிகிச்சைக்கு 2025 டிசம்பரில் எஃப்.டி.ஏ.வும் அனுமதி தந்தது.

மரபணுத் திருத்தம் பெற்றவர்களை 15 ஆண்டு வரை கண்காணிக்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. பரிந்துரைக்கிறது. ஐந்தாறு ஆண்டில் உரிமமே கைமாறும் துறையில் இது பெரிய கேள்வி. கார்-டி சிகிச்சைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக ஏற்கெனவே இருந்த பதிவேடுகளே விரிவாக்கப்பட்டு, யார் தயாரித்த மருந்து என்று பார்க்காமல் நோயாளிகளைப் பின்தொடர்கின்றன. ஒருவருக்கான மருந்துகளையும் இப்படி ஒரே பதிவேட்டில் சேர்த்தால், பத்துக் குழந்தைகளுக்குச் செய்த பத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களின் பலனையும் பக்கவிளைவையும் ஒரே தொகுதியாகப் படிக்க முடியும். பதினொன்றாவது குழந்தைக்கான மருந்தில் குரங்குச் சோதனையைத் தவிர்க்கலாமா, எலிச் சோதனையைச் சுருக்கலாமா என்று அதிகாரிகள் முடிவெடுக்கவும் அந்தத் தொகுதி கையில் இருக்க வேண்டும்.